குன்னத்து முட்டைகளும் கடைமடைத் தண்ணீரும்

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில், 2020ஆம் ஆண்டின் இறுதியில், குளத்தையொட்டிய மண்ணுக்குள்ளிருந்து உருண்டை உருண்டையான பெருங்கற்கள் சில வெளிப்பட்டபோது, கண்டவர்கள் வியந்தார்கள். வியந்தவர்கள் படம் எடுத்தார்கள். எடுத்த படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, பெரம்பலூரில் டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்ற மகுடத்துடன் சில நாட்களுக்குள் எங்கெங்கோ சென்று சேர்ந்தன. கடல் கடந்து வாழும் நம்மவர்கள்கூட, ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிகளை அழைத்து, நம்ம ஊர் முட்டையைப் போய்ப் பார்த்தீர்களா என்று விசாரிக்கும் அளவுக்கு விஷயம் முற்றிப்போயிற்று.

பார்வைக்கு அவை முட்டைகளாகவே இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நிலவியல் கற்றவர்கள் பார்த்துவிட்டு, இவை எந்தப் பிராணியும் இட்டவை அல்ல, அம்மோனைட் என்னும் கடல்வாழ் உயிரின் எச்சத்தைச் சுற்றிக் கனிமம் படிந்து உண்டான உருண்டைத் திரட்சிகள் என்று சொன்னார்கள். இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற இந்தப் பூமி, ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியாக இருந்தது. அம்மோனைட் அக்கடலில் வாழ்ந்த பிராணி. கணவாய்க்குத் தூரத்து உறவு. ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல் சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்தது. அது மடிந்து சேற்றில் புதைந்தபின், அழுகும் உடலைச் சுற்றியிருந்த நீரின் இரசாயன நிலை மாறி, அந்நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு வெளிப்பட்டு, பக்கத்திலிருந்த மணலையும் சேற்றையும் பசை போல் ஒட்டவைக்கத் தொடங்குகிறது. எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகப் பருப்பதால், உருண்டையாகிறது. முட்டை என்று வாதிடுபவரிடம் சாஸ்திரம் கேட்கும் சாட்சி வேறு. முட்டையென்றால் ஓடு வேண்டும். அந்த ஓட்டைக் கண்ணாடித் தகடு போல் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், சுண்ணாம்புப் படிகங்கள் வேலிக்கால்களைப் போல் நெருங்கி நிற்பதும், உள்ளிருக்கும் குஞ்சு மூச்சுவிடுவதற்கான நுண்துளைகளும் தென்பட வேண்டும். அவை தென்படாத வரையில், எத்தனை அழகான உருண்டையானாலும் அது கல்லே.

(பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹென்றி பிளான்போர்டு இந்தப் பாறைகளை வரைபடமாக்கினார், அவருக்குப் பின் பெர்டினாண்டு ஸ்டோலிச்கா இங்கே கிடைத்த சிப்பிகளையும் சங்குகளையும் அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக வருணித்துப் பெரும் நூல்கள் எழுதினார். 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டர் நீளத்துக்கு, அக்கடலில் மிதந்து வந்து அமிழ்ந்த கோலத்திலேயே இன்றும் படுத்திருக்கிறது. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் நிற்பதற்கும் அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே காரணம்.)

சென்ற பொங்கல் விடுமுறையில் குன்னத்துக்குப் பக்கத்திலுள்ள சிற்றூர் ஒன்றில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவளுடைய பேரன், தேங்காய் அளவுள்ள உருண்டைக் கல்லொன்றை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு ஓடிவந்து, "தாத்தா, இது டைனோசர் முட்டை. போன்லயே கேட்டுட்டேன்" என்றான். செயற்கை நுண்ணறிவு என்கிறோமே, அந்த யந்திரத்திடம் அவன் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறான். அதுவும் சளைக்காமல், வடிவம் இப்படி, மேற்பரப்பு இப்படி, உங்கள் மாவட்டத்தில் முன்னமே இத்தகைய செய்திகள் உண்டு என்று மூன்று காரணங்களை வரிசைப்படுத்தி, முட்டையாக இருக்கக்கூடும் என்று சுத்தமான தமிழில் பதில் அளித்திருக்கிறது. "நீ என்னடா நினைச்சே?" என்று கேட்டேன். பையன் விழித்தான். அவன் எதையும் நினைத்திருக்கவில்லை. நினைப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

யந்திரம் தவறாகச் சொல்லிற்று என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மனிதர்களும் அதே தவற்றைத்தான் செய்தார்கள். பையன் எதையும் நினைக்கவில்லை என்பதே என்னை அன்றிரவு முழுதும் குடைந்தது. யந்திரமும் கற்றதுதானே இப்படிப் பேசுகிறது? அது எவ்வாறு கற்றது? அது கற்ற வழியை அறிந்தால், பையன் கற்கும் வழியைப் பற்றியும் ஏதேனும் தெளியலாமல்லவா?

யந்திரம் கற்கும் வித்தையை, சூத்திரங்கள் எதுவும் இன்றி, திருமானூர்ப் பக்கத்து நஞ்சைகளில் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு காரியத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். தலைவாய்க்காலிலிருந்து தண்ணீர் பல கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மடை. மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை எடுத்தால் அதிகம் பாயும், ஒரு கொத்து வைத்தால் குறையும். கடைமடையில் நிற்கும் வயலுக்குத் தண்ணீர் எவ்வளவு வரவேண்டுமென்று நமக்குத் தெரியும். எவ்வளவு வந்தது என்பதையும் கண்ணால் பார்க்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பிழை. தேர்ந்த விவசாயி அந்தப் பிழையைக் கையில் பிடித்துக்கொண்டு, கடைமடையிலிருந்து பின்னோக்கி நடந்து வருகிறார். இந்த மடை சற்று இறுகிவிட்டது, அந்த மடை சற்று அகன்றுவிட்டது என்று ஒவ்வொன்றிலும் அதனதன் குற்றத்துக்குத் தக்கபடி ஒரு பிடி மண்ணை எடுத்தோ வைத்தோ தலைவாய்க்கால் வரை செல்கிறார். மறுபடி தண்ணீர் விட்டுப் பார்க்கிறார். பிழை சற்றுக் குறைந்திருக்கும், மீண்டும் நடக்கிறார்.

யந்திரத்துக்குள் இருப்பதும் மடைகளே. அவற்றை எடைகள் என்கிறார்கள். ஓடுவது தண்ணீருக்குப் பதிலாக எண்கள். ஒரு வாக்கியத்தின் முற்பாதியை உள்ளே விட்டு, அடுத்து வரவேண்டிய சொல் எதுவென்று அதை ஊகிக்கச் சொல்கிறார்கள். 'அரியலூரில் சிமெண்ட்' என்று விட்டால் கடைமடையில் 'ஆலை' வரவேண்டும்; தொடக்கத்தில் 'யானை' வரும். பிழையை அளந்து, பின்னோக்கி நடந்து, எல்லா மடைகளிலும் இம்மியளவு திருத்தம் செய்கிறார்கள். பின்னோக்கித் திருத்தம் என்று நாம் பெயரிட்டுக்கொள்ளக்கூடிய இம்முறையை, ருமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவர் 1986இல் எழுதிய ஒரு கட்டுரை பிரசித்தப்படுத்திற்று. இத்துறைக்கு அடிகோலியவர் என்பதற்காக ஹின்டனுக்கு 2024இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மடைகளின் எண்ணிக்கையைச் சொன்னால் தலை சுற்றும். 2020இல் வெளிவந்த ஜிபிடி-3 என்னும் யந்திரத்தில் அவை 17,500 கோடி. அதைப் பயிற்றுவிப்பதற்கு ஓடவிட்ட சொற்துணுக்குகள் ஏறக்குறைய 30,000 கோடி. பேச்சுக்காரத் தாய்க்குப் பிறந்த குழந்தையும் பத்து வயதுக்குள் காதால் கேட்கும் சொற்கள் அதில் ஒரு சிறு துளியே.

இந்த வருணனையில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஊகிக்காவிட்டால் பிழை இல்லை. பிழை இல்லாவிட்டால் பின்னோக்கி நடப்பதற்குக் காரணமில்லை. நடக்காவிட்டால் எந்த மடையும் அசையாது. 'ஆலை' என்ற விடையை யந்திரத்தின் முன் ஆயிரம் முறை காட்டி, ஊகிக்கும்படி ஒருமுறையும் கேட்காமல் விட்டால், அது ஆயிரம் முறை பார்த்தும் ஒன்றும் கற்காமல் நிற்கும். கற்றல் என்ற விளக்கு எரிவது பிழை என்ற எண்ணெயில்தான்.

பையனுக்கு யந்திரம் ஏன் அப்படிப் பதில் சொல்லிற்று என்பதும் இப்போது விளங்கும். அது கல்லைத் தட்டிப் பார்க்கவில்லை. ஓட்டைச் சீவிப் பார்க்கவில்லை. பெரம்பலூர், உருண்டை, கல் என்ற சொற்களும் அந்தப் படமும் சேர்ந்து வந்தால் அதன் பின் எத்தகைய வாக்கியங்கள் வருவது வழக்கம் என்பதையே அறியும். 2020இல் பரவிய செய்திகளில் வதந்தியும் உண்டு, மறுப்பும் உண்டு. வதந்தியைச் சுமந்த வாக்கியங்கள் மிகுதியாக இருந்தால் தண்ணீர் அந்தப் பக்கமே சாயக்கூடும். அது பொய் சொல்கிறது என்று கோபிப்பது, பள்ளத்தை நோக்கிப் பாய்ந்த தண்ணீரைக் கோபிப்பதற்கு ஒப்பாகும்.

யந்திரம் கற்றுவிட்டது என்று அதைச் செய்தவர்கள் எப்படி முடிவு கட்டுகிறார்கள் என்பதை நம் ஊர்ப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நலம். அவர்கள் கையிலுள்ள கேள்விகள் அனைத்தையும் பயிற்சிக்குக் கொடுத்துவிடுவதில்லை. ஒரு பகுதியைத் தனியே பூட்டி வைக்கிறார்கள். பயிற்சிக் கேள்விகளில் யந்திரம் நூற்றுக்கு நூறு வாங்கிய பிறகு, பூட்டிய பெட்டியைத் திறந்து, அதன் கண் ஒருபோதும் கண்டிராத கேள்விகளைக் கேட்கிறார்கள். அங்கே அது தடுமாறினால், முன்னே வாங்கிய நூறும் வெறும் மனப்பாடம். இந்த வியாதிக்கு மிகைப்பொருத்தம் என்று பெயர். அளவெடுத்த ஒரே ஒருவருக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தி, அவரே சற்று மூச்சிழுத்தால் பொத்தான் தெறிக்கும்படி தைத்த சட்டையைப் போன்றது அது. நான் உபாத்தியாயராக இருந்த காலத்தில், பரீட்சைத் தாளில் "மேலே உள்ள படத்தைக் காண்க" என்று எழுதி, மேலே படம் எதுவும் போடாமல் விட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். கைடு புத்தகத்தின் வரிகளோடு அவர்கள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தார்கள்.

பெரம்பலூர், அரியலூர் என்னும் இவ்விரு மாவட்டங்களும் வெகுகாலம் பின்தங்கியவை என்றே எண்ணப்பட்டவை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்ததும், 2007இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றதும் வயதானவர்களுக்கு நேற்று நடந்தவை போல இருக்கும். அப்படிப்பட்ட ஊர்கள், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2023இல் பெரம்பலூர் 97.67 விழுக்காட்டுத் தேர்ச்சியோடும், 2024இல் அரியலூர் 97.31 விழுக்காட்டோடும் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றன. 2025இல் பன்னிரண்டாம் வகுப்பில் அரியலூர் 98.82 விழுக்காட்டோடு மீண்டும் முதலில் நின்றது. பட்டணத்து அறிவாளிகள் சிலர் இதைக் கேட்டதும், எல்லாம் மனப்பாடம்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு, பாதி சண்டை. பூட்டிய பெட்டியிலிருந்து எடுத்த கேள்விகள் நம் பொதுத்தேர்வுகளில் போதுமான அளவு இல்லை என்பது உடன்பாடு. தேர்வுக்குத் தயாராகும் அப்பியாசமே வீண் என்பார்களேயானால், அங்கே சண்டை. மாலை நேரத்துச் சிறப்பு வகுப்பில், பத்து நிமிடத்துக்கு ஒரு 'ஸ்லிப் டெஸ்ட்' என்று அரைத்தாளைக் கிழித்துக் கையில் கொடுத்து எழுதச் சொல்லும் ஆசிரியர், அறியாமலே மனோதத்துவ சாஸ்திரத்தின் மிகவும் உறுதியான முடிவுகளில் ஒன்றை நடைமுறைப்படுத்துகிறார்.

அந்த முடிவு எப்படிக் கிடைத்தது என்பது சுவையான கதை. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர், 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தார் அதை நான்கு வேளை திரும்பத் திரும்பப் படித்தார்கள். வேறொரு கூட்டத்தார் ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று வேளைகளிலும் புத்தகத்தை மூடி வைத்து, நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்கு வேளை படித்தவர்களே மேல்: அவர்கள் 83 விழுக்காட்டை ஒப்பித்தார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. அத்துடன் விட்டிருந்தால், மறுபடி மறுபடி படிப்பதே உத்தமம் என்று புத்தகங்கள் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் மீதியிருந்தவர்களை ஒரு வாரம் கழித்துச் சோதித்தார்கள். நான்கு வேளை படித்தவர்கள் 40ஆக விழுந்திருந்தார்கள். ஒரு வேளை படித்து மூன்று வேளை திண்டாடியவர்கள் 61இல் நின்றார்கள்.

இன்னொரு விசேஷம்: ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, தமக்கு நிறைய நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நான்கு வேளை படித்தவர்களே. படிக்கப் படிக்க வரிகள் பழகிப்போகின்றன. பழகிய முகத்தைப் பார்த்தால் பெயரும் தெரிந்துவிட்டதாகத் தோன்றுமே, அந்த மயக்கம். கற்றல் நடக்கும்போது அது கற்றலைப் போலத் தோன்றுவதில்லை. அது தோல்வியைப் போலவும் சிரமத்தைப் போலவும் தோன்றுகிறது. ராபர்ட் பியோர்க் என்ற மனோதத்துவ அறிஞர் இதற்கு வைத்த பெயரை, விரும்பத்தக்க சிரமம் என்று தமிழாக்கலாம். கிணற்றில் வாளியை இறக்கித் தானே இழுத்தவனுக்குக் கிணற்றின் ஆழம் தெரியும். குழாயைத் திருகியவனுக்குத் தொட்டியின் ஆழமும் தெரியாது.

மடைகளின் பாஷையில் சொன்னால் யந்திரம் கற்பதும் மாணவன் கற்பதும் ஒரே விஷயமாகிவிடுகின்றன. புத்தகத்தை மூடியவன் ஊகிக்கிறான்; ஊகம் பிசகுகிறது; புத்தகத்தைத் திறந்ததும் பிசகின் அளவு தெரிகிறது; மூளைக்குள் ஏதோ ஒரு மடையில் ஒரு பிடி மண் அசைகிறது. மூளை யந்திரத்தைப் போலவே பின்னோக்கி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நரம்புகள் தம்மைத் திருத்திக்கொள்ளும் விதம் வேறு. ஆனால் எதிர்பார்த்ததற்கும் நேர்ந்ததற்கும் இடையிலுள்ள வித்தியாசம் இரண்டு இடத்திலும் விதைநெல்.

விதைநெல்லை எடுத்துச் சமைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் துருக்கி தேசத்தில் ஒரு பரிசோதனை காட்டிற்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அங்கே ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை மூன்று விதமாகப் பிரித்துக் கணக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடப்புத்தகமும் குறிப்பேடும் மட்டும். இரண்டாம் பகுதியினருக்குக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு. மூன்றாம் பகுதியினருக்கு, விடையை வெளியிடாமல், ஆசிரியர்கள் முன்கூட்டி வகுத்துக் கொடுத்தபடி குறிப்புகளை மட்டும் காட்டும் செயற்கை நுண்ணறிவு. பயிற்சி வேளையில் இரண்டாம் பகுதியினர், யந்திரம் இல்லாதவர்களைவிட 48 விழுக்காடு மேலாகச் செய்தார்கள். மூன்றாம் பகுதியினர் 127 விழுக்காடு. பெற்றோர் ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார். பிறகு யந்திரங்களை வாங்கி வைத்துவிட்டுப் பரீட்சை நடத்தினார்கள். விடையைக் கேட்டு வாங்கிப் பழகிய இரண்டாம் பகுதியினர், யந்திரத்தையே கண்டிராதவர்களைவிட 17 விழுக்காடு கீழே விழுந்தார்கள். குறிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் நேரவில்லை. யந்திரமில்லாதவர்களுக்கு ஏறக்குறைய சமமாக நின்றார்கள். தங்களுக்கு ஏதோ குறைந்துவிட்டது என்று இரண்டாம் பகுதியினர் உணரவும் இல்லை. செயிண்ட் லூயிஸில் கண்ட அதே மயக்கம், வேறு உடுப்பில்.

127 விழுக்காடு உயர்ந்தவர்களும் கடைசியில் சமமாகத்தானே நின்றார்கள் என்பதை இந்தக் காலத்துக் கல்வி வியாபாரிகள் விளம்பரத்தில் போடமாட்டார்கள். பயிற்சியில் தெரிந்த உயர்வு யந்திரத்தின் தோளில் ஏறி நின்றதால் வந்த உயரம்; இறங்கியதும் அவரவர் உயரம்தான். அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. இரண்டு பகுதியினருக்கும் இருந்தது ஒரே ஜாதி யந்திரம். விடையை ஒன்று முன்னே வைத்தது. மற்றொன்று மாணவனுடைய ஊகத்துக்குப் பின்னே நின்றது. சேதம் வந்ததும் வராததும் அந்த வரிசைக் கிரமத்தினாலேயே.

கைக்குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். தொட்டிலின் மேலேயே கைப்பேசியைக் கட்டிவைத்து, குழந்தை ஆங்கிலம் கற்கிறது என்று மகிழும் வீடுகளைக் கிராமங்களிலும் பார்க்கத் தொடங்கிவிட்டோம். சியாட்டில் நகரில் பாட்ரிசியா கூல் என்ற அறிஞர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுபவர்கள் பன்னிரண்டு முறை வந்து விளையாடிக் கதை சொன்னார்கள். அக்குழந்தைகள் அம்மொழிக்கே உரிய ஒலி வித்தியாசங்களைப் பிரித்தறியும் திறனைப் பெற்றன. அதே மனிதர்கள், அதே பேச்சு, அதே நேர அளவு, ஆனால் படத்திரையில் என்று காட்டப்பட்ட குழந்தைகள் எதுவும் பெறவில்லை. குழந்தை 'ஙா' என்றால் அம்மா 'ஙாவா?' என்று திருப்பிக் கேட்கிறாள். அது கையை நீட்டினால் அவள் அந்தப் பொருளின் பெயரைச் சொல்கிறாள். தொட்டிலிலிருந்தே ஊகமும் திருத்தமும் ஆரம்பமாகிவிடுகின்றன. திரை திருப்பிக் கேட்பதில்லை.

இவ்வளவும் சொன்னதால், யந்திரத்தை வீட்டுக்குள் விடாதே என்கிற கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். செட்டிகுளத்துப் பக்கம் வெங்காயம் போடுகிற குடும்பத்திலும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர் குடும்பத்திலும், வீட்டில் முதன்முதலாக மேல்வகுப்புப் படிக்கும் பெண், இரவு ஒன்பது மணிக்கு ஒரு கணக்கில் முட்டிக்கொண்டு நின்றால், அவள் கேட்பதற்கு ஆள் இல்லை. அப்பா அசந்து தூங்குகிறார். அம்மா, "டீச்சர்கிட்ட நாளைக்குக் கேளு கண்ணு" என்கிறாள். டியூஷனுக்குப் பணம் இல்லை. கேள்விக்கு அலுக்காத ஒரு துணை அந்த வீட்டுக்குள் நுழைவது சாமானியமான பாக்கியமல்ல. பட்டணத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்துவரும் சலுகை அது. அந்தப் பெண் அதனிடம், "விடையைச் சொல்லாதே, நான் மூன்றாம் வரியில் இப்படிச் செய்தேன், எங்கே பிசகினேன்?" என்று கேட்கப் பழகியிருந்தால், துருக்கியின் மூன்றாம் பகுதிக்குத் தானே போய்ச் சேர்ந்துவிடுகிறாள். அப்படிக் கேட்பதற்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டியதில்லை. "முதல்ல நீ போட்டதைக் காட்டு" என்ற நான்கு வார்த்தையை, எழுத்தறியாத பாட்டியும் சொல்லிவிடலாம்.

மறுநாள் காலை பையனையும் அவன் 'முட்டை'யையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு மேற்கே ஓடைப் பக்கம் போனேன். போகும் முன்பு, அரைத்தாளொன்றைக் கிழித்துக் கொடுத்து, இது முட்டையானால் உள்ளே என்ன இருக்கும், கல்லானால் உள்ளே என்ன இருக்கும் என்று எழுதச் சொன்னேன். முட்டையானால் ஓடும் எலும்பும், கல்லானால் நடுவில் சுருண்ட நத்தை மாதிரி ஒன்று என்று எழுதினான். நத்தையைப் பற்றி நான்தான் முந்தின இரவு சொல்லியிருந்தேன். கல்லை உடைக்கிறேன் என்று சுத்தியலை எடுத்தவனைத் தடுத்துவிட்டேன். பத்துக் கோடி ஆண்டுப் பொருளை உடைத்துவிட்டால், வாரணவாசியில் இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்தார் வந்து ஒட்டவைக்கவா போகிறார்கள்? ஆனால் ஓடையின் கரையில், மழையும் வெயிலும் சேர்ந்து தாமாகவே பிளந்துபோட்ட அதே ஜாதி உருண்டைகள் நான்கைந்து கிடந்தன.

அவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஓடு இல்லை, எலும்பு இல்லை. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தது போல் வளையம் வளையமாகப் படிவுகள் மட்டும் தெரிந்தன. நடுவில் நத்தையும் இல்லை. அவனுடைய ஊகம் இரண்டும் தவறிவிட்டன. நத்தை இருக்குமென்று சொல்லியிருந்த என்னுடைய ஊகமும் கூடவே தவறிற்று. அரைத்தாளையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தான். என்னைப் பார்த்தபோது அந்த முகத்தில் ஏமாற்றம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"நடுவுல ஒண்ணுமே இல்லையே தாத்தா. அப்ப எதைச் சுத்தி இது உருண்டையாச்சு?" என்றான்.

சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. ஐந்தாவது கல்லைப் புரட்டப் போனான்.